சுவருக்கு டச்சப்

அக்டோபர் 3, வெள்ளி

காஞ்சிபுரத்து இடிபாடுகளையும் அவற்றின்மேல் முளைத்திருக்கும் மரங்களையும் படம் எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. திறமைக்காகக் கிடைத்தது என்று நம்ப நான் நேற்றுப் பிறந்தவன் இல்லை. சென்னையிலிருந்து வருவதாக இருந்த ஆள் ஏசி அறை கேட்டானாம். எனக்கு இந்த ஊரிலேயே வீடு இருக்கிறது. அதுதான் என் தகுதி.

வேலை கொடுத்தவர்களுக்குப் பாழ்மண்டபக் குழு என்று பெயர். மேசையைச் சுற்றி ஐந்து பேர், அதில் மூவர் அரைத் தூக்கம். ஒருவர் கண்ணைத் திறந்து, "உங்ககிட்ட டிரோன் இருக்கா?" என்றார். "நடக்க கால் இருக்கு" என்றேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

விஷயத்தோடு பேசியவன் பொறியாளர் ஜெரால்டு மட்டும்தான். முப்பது வயதுகூட இருக்காது.

"சார், ஒவ்வொரு இடத்துக்கும் ரெண்டு செட் எடுங்க. ஒண்ணு கண்காட்சிக்கு, ஒண்ணு ஃபைலுக்கு. ஃபைல் படத்தை வச்சுத்தான் மரத்தை எடுக்கணுமா, வேலி போட்டு மூடணுமா, இல்ல அப்படியே விட்டுடலாமான்னு முடிவு பண்ணுவாங்க. அது அழகா வேணாம் சார். உள்ளபடி வேணும்."

என் கச்சபேசன் ஸ்டுடியோ திறந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட், பிணம் எல்லாம் எடுத்திருக்கிறேன். இதுவரை ஒருத்தரும் என்னிடம் உள்ளபடி கேட்டதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

விடிவதற்கு முன்பே போய் ஆற்றங்கரை வாசலை எடுத்தேன். செங்கல் வாசல் ஒன்று, அதை மேலிருந்து அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் ஆலமரம். வெயில் பக்கவாட்டில் விழும் பத்து நிமிஷம்தான் அந்த விழுதுக்கெல்லாம் உயிர் வரும். அதற்காகக் காத்திருந்தேன். வெயில் வந்தது. வெயிலோடு சேர்ந்து, பழைய இடங்களைச் சுற்றிப்பார்க்கும் ஒரு பாரம்பரிய நடைக் கூட்டமும் வந்தது.

முன்னால் மைக் மாட்டிக்கொண்டு ஒருவன். எதைக் காட்டினாலும் பல்லவர். வாசல் பல்லவர், கல் பல்லவர், விட்டால் அங்கே மேய்ந்த ஆடும் பல்லவர் காலத்து ஆடுதான். பக்கத்தில் இடிந்து கிடக்கும் பொதுக் கழிப்பறையையும் நாலு பேர் பயபக்தியோடு படம் எடுத்தார்கள். நான் திருத்தவில்லை. ஆயிரம் வருஷம் கழித்து அதுவும் பழசாகிவிடும்.

அக்டோபர் 8, புதன்

வேப்பமரம், கிணறு. இச்சிமரம், உடைந்த நந்தி. முடிந்தது.

அடுத்தது ஏரிக்கரை மண்டபம் என்று ஜெரால்டு சொல்கிறான். அதைக் கடைசியில் எடுக்கிறேன் என்றேன். வெளிச்சம் அங்கே சரியாக இருக்காது.

அக்டோபர் 9, வியாழன்

இன்றும் வெளிச்சம் சரியில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அதற்காக எல்லா இடத்துக்கும் அந்த வெளிச்சம் ஒத்துவருமா?

அக்டோபர் 11, சனி

ஜெரால்டு மூன்றுமுறை போன் செய்துவிட்டான். போனேன்.

ஏரிக்கரை மண்டபத்தில் முன்னால் நாலு தூண், பின்னால் ஒரு சுவர், அவ்வளவுதான் மிச்சம். அந்தச் சுவர்மேல் குதிரைக்காரன் மாதிரி காலை இரண்டு பக்கமும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறது ஓர் அரசமரம். நான் பார்த்தவற்றிலேயே நல்ல மரம் இதுதான். சுவருக்குக் கீழே ஓர் அடுப்பு, இட்லிக் குண்டான், பெஞ்சு, நாலு தறிக்காரர்கள், இரண்டு ஆட்டோக்காரர்கள். அடுப்புக்குப் பின்னால் பூங்காவனம்.

பூங்காவனம் என் மனைவி. சட்டப்படி இன்றைக்கும் மனைவிதான். ஆறு வருஷமாகத் தனியாக இருக்கிறாள். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் மகள் தமயந்தியின் கல்யாணத்தை நானேதான் படம் எடுத்தேன். மேடையில் தாலி கட்டும் நேரம் இவள் குறுக்கே நின்றாள். "நீ ஃப்ரேமை விட்டு இறங்கு, படம் கெடுது" என்றேன். வேலை நேரத்தில் எந்த போட்டோகிராபரும் சொல்வதுதான். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. இறங்கினாள். மேடையை விட்டு இறங்கியவள் அப்படியே வீட்டை விட்டும் போய்விட்டாள். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு ரோஷம்.

"வாங்க ஸ்டுடியோக்காரரே" என்றாள். யாரோ வழிப்போக்கனைக் கூப்பிடும் குரல். "டீயா, இட்லியா?"

"வேலையா வந்தேன்."

"வேலைக்கு வந்தா டீ குடிக்கக் கூடாதா?"

டீ வந்தது. சர்க்கரை போடவில்லை. மறந்துவிட்டாள் போல. எனக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்னது இவள் போய் இரண்டு வருஷம் கழித்து, ஆகையால் தெரிந்து போடாமல் இருக்க வழியில்லை.

சுவரில் சாமி படக் காலண்டர் ஒன்று தொங்கியது. எடுக்கச் சொன்னேன். எடுத்தாள். அதன் பின்னால் வேரிலிருந்து தரைவரைக்கும் ஒரு விரிசல். அளவு தெரிவதற்காக என் தீப்பெட்டியைப் பக்கவாட்டில் செருகினேன். இறுக்கமாக நின்றது. அப்படியே படம் எடுத்தேன்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்றாள்.

"மரத்தால சுவருக்கு ஆபத்தான்னு குழு பார்க்கும். ஆபத்துன்னா வேலி போட்டுடுவாங்க."

"வேலின்னா? என் கடை?"

நான் லென்ஸைத் துடைத்தேன். அவள் காலண்டரை மறுபடி மாட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டாண்ட இடம் கேட்டுப் பார்த்துட்டேன். மார்க்கெட்லயும் கேட்டுட்டேன். எங்கயும் உள்ள உட மாட்டேங்கிறாங்க. இந்த இடம் ஒண்ணுதான் யாரும் வேணாம்னு உட்டது. நானும் புடிச்சிக்கினேன்" என்றாள். என்னிடம் சொன்னாளா, அடுப்பிடம் சொன்னாளா தெரியவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏரிக்கரையில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால் மறுபடி போனேன். அங்கே மரத்தோழர்கள் என்று ஒரு சங்கம். பச்சை ரிப்பனோடு வந்து இறங்கியிருந்தார்கள். தலைவி பெயர் தாரிணி. அரசமரத்தை யாரும் தொடக் கூடாது என்று கோஷம் போட்டுவிட்டு, ரிப்பன் கட்டுவதற்காக அவர்களே அதற்கு ஆணி அடித்தார்கள். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்த கதையாக, அரைமணி நேரத்தில் "மரம் காப்பாற்றப்பட்டது" என்று செல்போனில் செய்தியும் போட்டாகிவிட்டது.

தாரிணி வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சார், நேச்சுரலா ஒண்ணு எடுங்க" என்றாள். எடுத்தேன். அந்த வேரில் கட்டெறும்புச் சாரை இருப்பதை நான் சொல்லவில்லை. அவள் குதித்த குதியைத்தான் நேச்சுரல் என்று சொல்லவேண்டும்.

அடுப்புக்குப் பின்னாலிருந்து பூங்காவனம் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கவாட்டில் ஒரு பல் போயிருக்கிறது. எப்போது போனதோ.

அக்டோபர் 16, வியாழன்

ஃபைல் படங்களைச் சரிசெய்து முடித்தேன். எங்கள் தொழிலில் டச்சப் இல்லாமல் படம் வெளியே போகாது. அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் முப்பத்தைந்து வருஷமாகத் துடைத்துக்கொண்டே வந்த கை இது. முன்பு பிரஷ், இப்போது மவுஸ். பக்கத்தில் நல்ல தோல் எங்கே இருக்கிறதோ அதைக் கொஞ்சம் எடுத்துக் காயத்தின்மேல் வைக்கவேண்டும். கை தானாகப் போகும், மூளைக்கு வேலை இல்லை.

ஏரிக்கரை மண்டபம் நன்றாக வந்திருக்கிறது. சுத்தமான சுவர். தீப்பெட்டியையும் எடுத்துவிட்டேன். எதுவும் இல்லாத இடத்தில் தீப்பெட்டி எதற்கு?

மற்ற இடங்களுக்கு டச்சப் தேவைப்படவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தமயந்தி ஓசூரிலிருந்து பேசினாள். "அம்மாவப் பார்த்தீங்களாமே" என்றாள். அந்தப் பக்கம் வேலை இருந்தது என்றேன். "ம்" என்றாள். இந்தப் பெண்ணுக்கு அம்மாவைப் போலவே ஒற்றை எழுத்தில் ஆளைக் குத்தும் வித்தை வந்துவிட்டது.

அக்டோபர் 24, வெள்ளி

குழுக் கூட்டம். ஜெரால்டு படங்களைத் திரையில் போட்டுக்காட்டினான். வேப்பமரத்துக் கிணற்றுக்கு வேலி, ஆலமர வாசலுக்கு முட்டு என்று ஒவ்வொன்றாக முடிவானது. ஏரிக்கரை மண்டபம் வந்தது. ஜெரால்டு அதை ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஜூலைல போனப்ப இங்க ஒரு விரிசல் பார்த்த ஞாபகம். காலண்டர் ஒண்ணு மாட்டியிருந்துச்சு..."

"ஞாபகத்தை ஃபைல்ல வைக்க முடியாதுப்பா" என்றார் டிரோன்காரர். "படம் தெளிவா இருக்கு. மரம் இருக்கட்டும். அந்தம்மா கடையும் இருந்துட்டுப் போவுது. அடுத்தது."

ஜெரால்டு என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஒட்டடை அடித்து எத்தனை வருஷம் ஆனதோ, இவர்கள் ஊரைப் பாதுகாக்கப் போகிறார்களாம்.

மழைக்காலம் முடிந்ததும் எல்லா இடத்தையும் நேரில் பார்ப்பதாக ஜெரால்டு எழுதிக்கொண்டான். பார்க்கட்டும்.

அக்டோபர் 25, சனி

கடை இருக்கட்டும் என்று முடிவானதை அவளிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"எப்படி?"

"படத்தைப் பார்த்து முடிவு பண்ணாங்க."

"அந்தப் படத்தக் காட்டுங்க."

செல்போனில் காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு திரும்பிக் காலண்டரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள். நான் ஏரியில் கொக்கு இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா எடுத்திருக்கீங்க" என்றாள்.

சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் என் படத்தை அவள் அப்படிச் சொன்னதில்லை. இரண்டாவது டீ கேட்காமலே வந்தது. கூடவே ஒரு வடை. வடையில் உப்பு அதிகம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 29, புதன்

ஏரிக்கரை.

அக்டோபர் 30, வியாழன்

ஏரிக்கரை. வேலை எதுவும் இல்லை. அரசிலை காற்றே இல்லாதபோதும் ஆடுகிறதே, அதை எப்படிப் படத்தில் கொண்டுவருவது என்று பார்த்தேன். கொண்டுவர முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும். இதை எழுதியது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது. மரத்தோழர் சங்கத்தில் சேரச் சொல்லிவிடுவார்கள், ஜாக்கிரதை.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்று நாளாக மழை. இன்று காலை கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் காலண்டரைத் தூக்கித் தீப்பெட்டியை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. உள்ளே போய் விழுந்தது. எங்கேயோ கீழே சத்தம் கேட்டது.

இந்தக் காலத்துத் தீப்பெட்டி மட்டமான பெட்டி. மழையில் சுருங்கியிருக்கும்.

நவம்பர் 9, ஞாயிறு

"மேலேருந்து சுண்ணாம்பு உதிருது" என்றாள் பூங்காவனம். "மாவுல உழுது." சொல்லிக்கொண்டே அடுப்புக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டினாள். ஆளை நசுக்கும் சுவருக்குப் பிளாஸ்டிக் தாள்.

"அடுப்பை முன்னால தூண்கிட்ட வச்சுக்கோ" என்றேன்.

"அங்க சாரல் அடிக்கும். இன்னாத்துக்கு? உங்க படத்துல சுவரு நல்லாத்தானே கீது?"

"படம் படம்தான் பூங்காவனம்."

"அது எனக்குத் தெரியாதா? எனக்காகத்தான பண்ணீங்க?"

"கைப்பழக்கம்."

"கைக்குப் பழக்கம் பொம்பளைங்க மூஞ்சிதான். சுவத்துக்கு இன்னா பழக்கம்?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையை ஒரு மாசம் மூடு, மழை போகட்டும் என்றேன். மூடினால் அடுத்த நாளே வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவான் என்றாள். அப்படியானால் உட்காருகிறவன்மேல் விழட்டும் என்றேன்.

"ஆயிரம் வருஷமா உழாதது, நான் இட்லி ஊத்தறப்பதான் உழப்போவுதா? போங்க, போய் வேலையப் பாருங்க."

ஆயிரம் வருஷம் என்பது அந்தப் பல்லவர் மைக் ஆசாமி சொன்னது. இந்த ஊரில் முட்டாள்தனம் எப்படிப் பரவுகிறது பாருங்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. போகவில்லை. மழையில் அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று உட்கார்ந்திருந்தேன். ஏரிக்கரை இங்கிருந்து எவ்வளவு தூரம், எப்படிக் கேட்கும்?

நவம்பர் 13, வியாழன்

வங்கக்கடலில் புயல் சின்னமாம். டிவியில் ஒரு பெண் அதைக் கல்யாணச் செய்தி சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்டுடியோவுக்குப் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒருவன், கன்னத்து மருவை எடுத்துவிடச் சொன்னான். முடியாது, உள்ளபடி இருக்கட்டும் என்றேன். எதிர்க் கடைக்குப் போய்விட்டான்.

நவம்பர் 15, சனி

ஜெரால்டின் அலுவலகத்துக்குப் போனேன். டச்சப் செய்யாத படங்கள் இருந்த கேமரா கார்டை அவன் மேசைமேல் வைத்தேன்.

"ஏரிக்கரை மண்டபம். இதுதான் நான் எடுத்தது. நீங்க பார்த்தது நான் பண்ணினது" என்றேன். இந்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன்.

அவன் கம்ப்யூட்டரில் பார்த்தான். தீப்பெட்டியைப் பார்த்தான்.

"இப்ப இந்தத் தீப்பெட்டி நிக்குமா சார்?"

"உள்ள விழுந்துடுச்சு."

"எப்ப?"

"நாலாந்தேதி."

திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்ல எனக்கு நன்றாக வரும். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தான். "உள்ளபடின்னு சொல்லியிருந்தேனே சார்" என்றான், அவ்வளவுதான். மகன் வயது இருக்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

நவம்பர் 17, திங்கள்

வேலி போட்டுவிட்டார்கள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வேலை ஆட்கள் கம்பி நடத் தயாராக இருந்தார்கள், மரத்தின் கிளையைக் குறைக்க மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. அரசமரத்தில் கைவைத்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். கடைசியில் மேஸ்திரி தேங்காய் உடைத்து, மரத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தயவுசெய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். பேய்க்கும் பறவைக்கும் மரியாதையாக நோட்டீஸ் கொடுத்தார்கள். பூங்காவனத்துக்குக் கொடுக்கவில்லை. அவள் குண்டானும் பெஞ்சும் ரோட்டோரத்தில் நனைந்துகொண்டிருந்தன.

"படத்துல நல்லா இருக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப யாரு மாத்திச் சொன்னது?" என்று ஜெரால்டிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது வராது.

"படம் எடுத்தவரே வந்து சொன்னாரும்மா."

அவள் திரும்பினாள். நான் ஒளிவதற்குள் பார்த்துவிட்டாள். நேராக வந்து எதிரே நின்றாள்.

"நான் கேட்டனா உங்கள? வந்து காப்பாத்துங்கன்னு கேட்டனா?" என்றாள். "அன்னிக்கி உங்க வாயால என் வீடு போச்சு. இன்னிக்கி உங்க வாயால என் கடையும் போச்சு. வாழ்நாள்ல எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு பண்ணீங்க. அதயும் நீங்களே போயி அழிச்சிட்டு வந்துட்டீங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் அடுத்தவரையும் சேர்த்துக் கெடுத்தது. சொல்வதற்கு என்னிடம் பதில் இருந்தது. சுவர், விரிசல், தீப்பெட்டி, புயல், எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

குழு என் பெயரைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டது. ஆலமர வாசல் படத்தை மட்டும் வைத்துக்கொள்வார்களாம், பெயர் போடாமல். டிரோன்காரர் போன் செய்து, "உங்கள மாதிரி ஆளை நம்பி..." என்று ஆரம்பித்தார். தூங்குகிறவரை எழுப்பிய பாவம் எனக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

மரத்தோழர்கள் ஊர் முழுக்க என் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். கீழே "மரத் துரோகி" என்று கொட்டை எழுத்து. வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது எடுத்திருக்கிறார்கள். மூக்கு மட்டும் தெரிகிறது. துரோகியாக இருந்தாலும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் விழவேண்டாமா? குரங்கு கையில் பூமாலை கொடுத்தால்கூட இதைவிட நன்றாகக் கட்டும்.

நவம்பர் 30, ஞாயிறு

புயல் வந்தது, போனது. ராத்திரியெல்லாம் காற்று. விடிந்ததும் ஓடினேன்.

சுவர் நிற்கிறது. வேலிதான் சாய்ந்து கிடக்கிறது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ஊரெல்லாம் விளக்கு. என்னைப் பார்க்கிறவனெல்லாம், "இன்னா ஸ்டுடியோ, சுவரு எப்ப உழும்னு நாள் குறிச்சிட்டீங்களா?" என்கிறான். எதிர்க் கடைக்காரன் தன் கடைச் சுவரைத் தட்டிக் காட்டி, "இதுக்கும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்கிறான். நகைச்சுவை உணர்ச்சி இல்லாத ஊர் இது, அவனுக்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். தினமும் காலையில் அந்தச் சுவர் விழுந்திருக்குமா என்று பார்க்கத்தான் போகிறேன். விழவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இன்று பிள்ளையாரிடம் வேண்டிக்கொள்ளக்கூடச் செய்தேன். அது விழுந்தால் அவளுக்குப் புரியும். வேறு எதனாலும் புரியாது. விழவில்லை. பல்லவன் கட்டினானோ எவன் கட்டினானோ, பிடிவாதக்காரன்.

டிசம்பர் 6, சனி

அவள் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுவண்டி போட்டிருக்கிறாள். நிழல் கிடையாது. கம்பி ஒடிந்த குடை ஒன்றை வண்டியில் கட்டியிருக்கிறாள். பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. தறிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் நின்றபடி சாப்பிடுகிறார்கள். முகம் கறுத்துவிட்டது அவளுக்கு.

போய் டீ கேட்டேன்.

"தீந்துபோச்சு" என்றாள். பாத்திரத்தில் டீ கொதித்துப் பொங்கிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 8, திங்கள்

ஜெரால்டை வழியில் பார்த்தேன். தை பிறந்ததும் சுவருக்கு முட்டுக் கொடுத்து, மரத்தை வேரோடு விட்டுவைத்தே சரிசெய்யப் பார்ப்பார்களாம். அதுவரை வேலி.

"விழுமா விழாதா, ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன்.

"இன்னும் நூறு வருஷம் நிக்கலாம் சார். நாளைக்கே விழலாம். அது யாருக்கும் தெரியாது."

"பின்ன எதுக்குப் படிச்சீங்க?"

சிரித்தான். பிறகு, "நீங்க வந்து சொன்னது சரிதான் சார்" என்றான். அதை அந்தத் தள்ளுவண்டிக்காரியிடம் போய்ச் சொல்லு என்றேன். சொன்னானாம். இட்லிக் கரண்டியை ஓங்கினாளாம்.

டிசம்பர் 10, புதன்

காலையில் பனி. ஏரிக்கரையில் மரமும் மண்டபமும் பாதி கரைந்த மாதிரி நின்றன. இந்த வெளிச்சத்துக்காக வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருவார்கள். நான் கேமரா கொண்டுபோகவில்லை.

சுவர் விழவில்லை.

அதன் கீழே அடுப்பு இருந்த இடத்தில் கரி படிந்திருக்கிறது. ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழுந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். விழாததால் ஊர் ஜெயித்துவிட்டது. அவளிடம் இனி எந்தக் காலத்திலும் நான் ஜெயிக்கப் போவதில்லை. இந்தச் சுவர் எங்கள் இரண்டு பேரையும் விட அதிக நாள் இருக்கும் போலத் தெரிகிறது.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். "வந்துட்டான்யா பாழாப்போன மனுசன், உழுந்துதான்னு பார்க்க வந்துட்டான். இன்னும் உழலயா, போயி தள்ளி உட்டுட்டு வா. ஊட்டக் கெடுத்தான், கடையக் கெடுத்தான், இன்னும் இன்னாத்தக் கெடுக்க வந்து நிக்கிறான்..." டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

குரல் கணீரென்று ஏரிக்கரை முழுக்கக் கேட்டது. மூச்சு விடாமல் திட்டினாள். நடுவில் யாருக்கோ இரண்டு இட்லி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பிடித்தாள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, முடியும்வரை கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.